இயற்கை வெளிச்சமும் இருட்டு வீடும்

காமிரா பிடிக்கிறவர்களிடம் ஒரு பெருமை உண்டு. "இது முழுக்க முழுக்க இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படம். ஃப்ளாஷ் போடவில்லை, எதையும் தொடவில்லை, இருந்ததை இருந்தபடி எடுத்தது" என்பார்கள். படம் என்னவாக இருக்கும்? கருமேகம் திரண்டு நிற்கும் கோதுமைச் சமவெளி. மழைக்கு முன் ஐந்து நிமிடம் மட்டும் வருமே அந்த மஞ்சள் வெளிச்சம், அதில் மின்னும் ஒரு பழைய மரக் கொட்டகை. கூரை சரிந்த வீடு. முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு விவசாயி. பார்த்தவுடன் "ஆகா!" என்று சொல்ல வைக்கும் படங்கள்தான், சந்தேகமில்லை.

இந்தப் படங்கள் பொய் சொல்வதில்லை என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஃப்ளாஷ் போட்டால் செயற்கை, போடாவிட்டால் நேர்மை என்று ஒரு விதி எப்படியோ வந்துவிட்டது. விதியே தப்பு. இந்த வகைப் படங்கள் பாதிக் கணக்கை மட்டும் காட்டுகின்றன. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிய பேரேடு கணக்கே ஆகாது என்பது பி.காம் முதலாண்டில் முதல் வாரம் சொல்லித்தரும் பாடம். வரவு எழுதினால் எதிரே பற்று எழுத வேண்டும். புயல் படத்தின் அழகு வரவு என்றால் பற்று எங்கே, யார் பெயரில்? இதைக் கேட்காத வரைக்கும் இயற்கை வெளிச்சம் ஒரு நற்சான்றிதழ் ஆகாது.

இதைச் சும்மா சொன்னால் போதாது. இந்த வகைப் படங்களின் இலக்கணம் பெருமளவு உருவானது 1930களின் அமெரிக்காவில். அங்கே போய்ப் பார்ப்பதுதான் முறை.

புயலுக்குள் வெளிச்சம் ஏது?

1930களில் அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில், அதாவது கான்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்கள் ஒன்றையொன்று தொடும் பகுதியில், வருடக்கணக்காக மண்புயல் அடித்தது. 'டஸ்ட் பவுல்', தூசிக் கிண்ணம் என்று பெயர். மே 1934ல் கிளம்பிய ஒரு புயலின் தூசி கிழக்குக் கரையில் இருக்கும் நியூயார்க், வாஷிங்டன் வரை போய் விழுந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை அடித்ததை இன்றும் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். பட்டப்பகல் நள்ளிரவானது. எதிரே நிற்கிறவர் தெரியவில்லை.

அந்தக் காலத்துப் புயல் படங்களைக் கவனமாகப் பாருங்கள். மிகப் பிரபலமான ஒன்று 1935 ஏப்ரல் 18ல் டெக்சாஸின் ஸ்ட்ராட்ஃபோர்டில் எடுத்தது. வரிசையாக வீடுகள், அவற்றுக்குப் பின்னால் மலை போல எழுந்து வரும் தூசிச் சுவர். பிரமாதமான படம். ஆனால் அது புயல் வருவதற்கு முந்தைய நிமிடத்தின் படம். புயல் வந்த பிறகு எடுத்திருந்தால் பிலிமில் கறுப்பைத் தவிர ஒன்றும் விழுந்திருக்காது. இயற்கை வெளிச்சம் என்பது புயலுக்கு வெளியே இருக்கும்வரைதான். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு வெளிச்சமும் கிடையாது, படமும் கிடையாது.

கான்சாஸின் ரோலா என்ற சிற்றூரிலிருந்து ஒருவர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே ஒரு புயல் படத்தை அனுப்பிவைத்தார். நூறடி உயரத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து எடுத்த படம். அதன் மேலேயே இரண்டு வரி எழுதியிருந்தார். புயல் எங்களை மோதியதும் இருட்டிவிட்டது, இது தொட்டி மேலிருந்து எடுத்தது என்பதுதான் சாரம். அவ்வளவுதான்! படத்தால் காட்ட முடியாததை அந்த இரண்டு வரி சொல்லிவிட்டது. எங்கிருந்து எடுத்தேன், அதன் பிறகு எங்களுக்கு என்ன ஆனது என்ற இரண்டும் அதில் இருக்கிறது. பெரிய பெரிய கலைஞர்களுக்குத் தோன்றாத நேர்மை ஒரு சிற்றூர்க்காரருக்குத் தோன்றியது.

அடுத்தது ஆர்தர் ரோத்ஸ்டைன். வயது 20. 1936 ஏப்ரலில் ஒக்லஹோமாவின் சிமரான் கவுண்டியில் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு விவசாயியும் இரண்டு பையன்களும் மண்புயலுக்குள் ஒரு தாழ்ந்த கொட்டகையை நோக்கி நடக்கிறார்கள். கடைசியில் வரும் சின்னப் பையன் கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறான். முழுக்க இயற்கை வெளிச்சம். ஆனால் 1940களில் ரோத்ஸ்டைனே எழுதிய ஒரு கட்டுரையில் அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று விளக்கியிருக்கிறார். சின்னப் பையனைக் கொஞ்சம் பின்தங்கச் சொல்லி, கையைக் கண்ணுக்கு மேல் வைக்கச் சொன்னாராம். அப்பாவை முன்னால் குனிந்து நடக்கச் சொன்னாராம்.

இதற்காக ரோத்ஸ்டைனைத் தூக்கில் போட வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் நிஜம், புழுதி நிஜம், மண் மூடிய நிலம் நிஜம். சொல்ல வந்தது வேறு. ஃப்ளாஷ் இல்லாமல், வெயிலை நம்பி எடுத்த படத்திலும் இயக்குநர் ஒருவர் நின்றுகொண்டு 'குனிங்க, கையைத் தூக்கு' என்று சொல்லியிருக்கலாம். 'இயற்கை' என்ற சொல் வெளிச்சத்துக்கு மட்டும்தான் பொருந்தும். படத்துக்குப் பொருந்தாது.

காற்று அடித்தது, சரி. மண்ணைக் கிளப்பிவிட்டது யார்?

புயல் படத்தின் பெரிய மோசடி, அது புயலை இயற்கையின் சீற்றமாக மட்டும் காட்டுவது. வானம், மேகம், தூசி, அதற்கு நடுவில் எறும்பு மாதிரி மனிதன். பார்க்கிறவர் "இயற்கைக்கு முன்னால் நாமெல்லாம் என்ன!" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார். அங்கேதான் கணக்கு தொலைந்து போகிறது.

காற்றும் வறட்சியும் அந்தச் சமவெளிக்குப் புதிதல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வேர்விட்ட புல் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. முதல் உலகப்போரின்போது கோதுமை விலை புஷலுக்கு 2 டாலருக்கு மேல் போனது, அரசாங்கமே விலைக்கு உத்தரவாதம் கொடுத்தது. டிராக்டர் வந்தது. வங்கி கடன் கொடுத்தது. புல்லை உழுது தள்ளினார்கள். போர் முடிந்து விலை விழுந்தது. 1931-32ல் புஷல் 40 சென்டுக்கும் கீழே போய்விட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு விவசாயிக்கு 1,000 டாலர் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புஷல் 2 டாலர் விற்றபோது 500 புஷல் விளைவித்தால் கடன் தீரும். 40 சென்டுக்கு விற்றால் 2,500 புஷல் வேண்டும். கடன் பத்திரத்தில் எழுதிய டாலர் குறையாது, கோதுமையின் விலைதான் குறையும். அப்போது அவன் என்ன செய்வான்? மிச்சம் இருக்கும் புல்லையும் உழுவான். பக்கத்துக்காரனும் அதையே செய்வான். எல்லோரும் செய்தால் கோதுமை குவியும், விலை இன்னும் விழும். பிறகு நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த நேரம் பார்த்து வறட்சி வந்தது. பிடித்து வைக்கப் புல் இல்லாத மண்ணைக் காற்று தூக்கிக்கொண்டு போனது.

டொனால்ட் வொர்ஸ்டர் என்ற வரலாற்றாசிரியர் 1979ல் எழுதிய 'டஸ்ட் பவுல்' நூலின் வாதமும் இதுதான். இது வானத்திலிருந்து விழுந்த விபத்தல்ல, நிலத்தை வெறும் மூலதனமாகப் பார்த்த பொருளாதாரம் செய்துகொண்ட வேலை. ஆக, ஸ்ட்ராட்ஃபோர்டு வீடுகளுக்குப் பின்னால் எழுந்து வந்த அந்தக் கறுப்புச் சுவரில் பாதி கோதுமைச் சந்தையின் விலைப்பட்டியல். எந்த லென்ஸ் போட்டாலும் அது தெரியாது. எழுதினால்தான் தெரியும்.

மண்டையோட்டுச் சண்டை

எதைப் பற்றிச் சண்டை போட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ சண்டை போடுவது படக்கலை உலகத்தின் பழைய வழக்கம். 1936 மே மாதம் அதே ரோத்ஸ்டைன் தெற்கு டகோட்டாவில் ஒரு மாட்டு மண்டையோட்டைப் பார்த்தார். வெயிலில் வெளுத்துப் போன மண்டையோடு, வெடித்த தரை. பல கோணங்களில் படம் எடுத்தார். நிழல் நன்றாக விழ வேண்டும் என்று சுமார் பத்தடி தள்ளியும் வைத்து எடுத்தார்.

அது தேர்தல் ஆண்டு. ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் வறட்சிப் பகுதிகளைப் பார்வையிட ரயிலில் கிளம்பியபோது வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரப் பத்திரிகை ஒன்று விஷயத்தைப் போட்டு உடைத்தது. "மண்டையோட்டை நகர்த்தினார்கள்! வறட்சியே பொய்!" என்கிற அளவுக்கு ரூஸ்வெல்ட்டின் எதிர்ப்பாளர்கள் குதித்தார்கள்.

வறட்சி பொய்யா? அந்த ஆண்டு ஜூலை 6ம் தேதி வடக்கு டகோட்டாவின் ஸ்டீல் என்ற ஊரில் வெயில் 121 டிகிரி ஃபாரன்ஹீட். அந்த மாநிலத்தின் உச்ச அளவு அது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1934ல், தீவனம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்த மாடுகளை அரசாங்கம் விலை கொடுத்து வாங்க ஆரம்பித்துச் சுமார் 83 லட்சம் மாடுகளை வாங்கியிருந்தது. 83 லட்சம்! அந்த எண்ணை ஒரு வரியாக அந்த மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருந்தால் பத்தடி நகர்த்தியதைப் பற்றி யார் வாய் திறந்திருப்பார்கள்? ரசீது இல்லாத செலவைத்தான் தணிக்கைக்காரர் பிடிப்பார். மண்டையோடு நல்ல வெளிச்சத்தில் இருந்தது, ஆனால் ரசீது இல்லாமல் இருந்தது. அதுதான் கோளாறு.

பழமை அல்ல, தேய்மானம்

கிராமத்துப் பழைய மரச்சுவர், துருப்பிடித்த தகரம், நிறம் போன கதவு. 'காலம் வரைந்த ஓவியம்' என்று வர்ணிக்கிறார்கள். காலம் வரைந்ததாம்! பணக்காரன் வீட்டுச் சுவரில் காலம் ஏன் வரைவதில்லை? ஏனென்றால் அவன் வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறான். கணக்கியலில் இதற்கு அழகான பெயர் எல்லாம் கிடையாது. தேய்மானம் என்று பெயர். தேய்மானத்துக்கு ஒதுக்க லாபம் இல்லாத வீடுதான் 'கலையழகு மிக்க' வீடாக மாறுகிறது.

வாக்கர் எவன்ஸ் 1936 கோடையில் அலபாமாவின் ஹேல் கவுண்டியில் பருத்தி விவசாயக் குடும்பங்களின் வீடுகளை எடுத்தார். பெயிண்டே காணாத பைன் பலகைச் சுவர். ஒவ்வொரு நரம்பும் தெரிகிற மாதிரி அந்தப் பலகைகளை அவர் எடுத்திருக்கிறார். உலகத்திலேயே மிக நேர்த்தியான படங்களில் அவையும் அடங்கும். அந்தப் பலகைக்கு ஏன் பெயிண்ட் இல்லை? வீடு நிலக்காரனுடையது. குடியிருந்தவர்கள் வாரச் சாகுபடிக்காரர்கள். விளைச்சலில் ஒரு பங்கு நிலக்காரனுக்குப் போகும், மிச்சத்தில் விதை, உரம், சாப்பாட்டுக்கு வாங்கிய கடனைக் கழிப்பான். அறுவடை முடிந்த பிறகும் கடனாளியாக நிற்கும் குடும்பம் எங்கிருந்து பெயிண்ட் அடிக்கும்? தன்னுடையது அல்லாத வீட்டுக்கு எதற்கு அடிக்கும்?

எவன்ஸின் படங்களுக்குக் கீழே ஒரு வரி கூடக் கிடையாது. ஆனால் அவருடன் போன ஜேம்ஸ் ஏஜி அந்தக் குடும்பங்களின் காசுக் கணக்கை உட்கார்ந்து எழுதினார். இரண்டும் சேர்ந்து 1941ல் புத்தகமாக வந்தது. முதல் பதிப்பு ஆயிரம் பிரதி கூட விற்கவில்லை. பின்னாளில் கொண்டாடினார்கள். கொண்டாடும்போது நடந்த கூத்து என்ன என்றால், படங்கள் புத்தகத்திலிருந்து கழன்று தனியாக அருங்காட்சியகச் சுவருக்குப் போயின. கணக்கு புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

இன்றைக்கு அமெரிக்க கிராமங்களில் சாயும் கொட்டகைகளின் கதையும் இதுவேதான். 1935ல் அந்த நாட்டில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. அதுவே உச்சம். 2022 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சம். நடுவில் கிட்டத்தட்ட 49 லட்சம் பண்ணைகள் விற்கப்பட்டன, இணைக்கப்பட்டன, கைவிடப்பட்டன. சூரியன் மறையும் நேரத்துத் தங்க வெளிச்சத்தில் மின்னும் ஒவ்வொரு பாழடைந்த கொட்டகையும் மூடப்பட்ட ஒரு கணக்குப் புத்தகம். இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் கொட்டகையைப் பிரித்து எடுத்த பழைய பலகைக்கு இப்போது நகரத்து ஹோட்டல்களிலும் வரவேற்பறைகளிலும் நல்ல விலை. எரிகிற வீட்டில் பிடுங்கின வரைக்கும் லாபம் என்று நம் ஊரில் சொல்வார்கள். சரிகிற கொட்டகைக்கும் அது பொருந்தும்.

ஃப்ளாஷ் போட்டவர் செய்தது என்ன?

இப்போது முக்கியமான விஷயம். இயற்கை வெளிச்சம் எங்கே இருக்கும்? வெளியில். வயலில், வாசலில், வராண்டாவில். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொடுப்பதற்கென்றே 1935ல் தனி அமைப்பு தொடங்க வேண்டியிருந்தது. மற்ற வீடுகளில் சின்ன ஜன்னலும் மண்ணெண்ணெய் விளக்கும்தான். அதிலும் தூசிப் பிரதேசத்தில் அந்த ஜன்னலையும் ஈரத்துணி போட்டு மூடியிருந்தார்கள். தூசி நுரையீரலுக்குள் போய் 'தூசி நிமோனியா' வந்து செத்தவர்கள் உண்டு. குழந்தை இருமுவது உள்ளே. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைப்பது உள்ளே. கடன் நோட்டீஸ் இருப்பது உள்ளே. இயற்கை வெளிச்சத்தில்தான் எடுப்பேன் என்று சபதம் போட்டவர் இது எதையும் எடுக்க முடியாது. அவர் கொள்கையே அவரை வாசலில் நிறுத்திவிடும்.

ரோத்ஸ்டைன், எவன்ஸ் வேலை பார்த்த அதே அரசாங்கப் படப்பிரிவில் ரஸ்ஸல் லீ என்று ஒருவர் 1936ல் சேர்ந்தார். வேதியியல் பொறியியல் படித்தவர். அவர் தயங்காமல் ஃப்ளாஷ் போட்டார், வீட்டுக்குள் போனார். 1936 கிறிஸ்துமஸ் அன்று அயோவாவில் ஸ்மித்ஃபீல்ட் அருகே ஒரு வீட்டில் அவர் எடுத்த படம் இருக்கிறது. குழந்தைகள் மேசையைச் சுற்றி நின்றபடியே சாப்பிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் விருந்து என்ன தெரியுமா? உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஒரு 'பை'. இது படத்தைப் பார்த்து ஊகித்ததல்ல, படக்குறிப்பிலேயே இருக்கிறது. ஃப்ளாஷின் வெள்ளை வெளிச்சம் மூலை முடுக்கெல்லாம் தட்டையாக விழுந்து, எந்த மர்மமும் இல்லாமல் எல்லாவற்றையும் காட்டுகிறது. அழகு கம்மிதான். விவரம் அதிகம்.

ஃப்ளாஷ் போட்டவர்களெல்லாம் உத்தமர்கள் என்று அர்த்தமில்லை. 1880களின் கடைசியில் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளை ஃப்ளாஷ் பொடி கொளுத்திப் படமெடுத்த ஜேக்கப் ரீஸ், நடுராத்திரியில் அனுமதி கேட்காமல் நுழைந்தவர். பொடி பற்றி வீடு தீப்பிடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். ஆக, ஃப்ளாஷும் நற்சான்றிதழ் இல்லை. ஆனால் அந்தப் படங்கள் வரும்வரை இருட்டறைகளில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்பதே வெளியே தெரியாமல் இருந்தது. வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதா கேள்வி? எங்கே போய் விழுந்தது என்பதல்லவா கேள்வி!

குறிப்பு எழுதியவர், பெயர் கேட்காதவர்

"அப்படியானால் இயற்கை வெளிச்சத்தில் எடுத்தவர்கள் எல்லாம் மோசடிக்காரர்களா?" என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. டோரதியா லாங் ஃப்ளாஷை அதிகம் தொடாதவர். ஆனால் அவர் எழுதுவார். 1938 நவம்பரில் கலிபோர்னியாவில் பருத்தி பறிக்கும் ஒருவரின் படம். குறிப்பில் இருப்பதைப் பாருங்கள். 100 பவுண்டு பறித்தால் 75 சென்ட் கூலி. வேலை நிறுத்தக்காரர்கள் கேட்பது 1 டாலர். நல்ல வயலில், நல்ல வானிலையில், திறமையான ஆண் ஒரு நாளில் சுமார் 200 பவுண்டு பறிப்பார். பெருக்கிப் பாருங்கள். நாள் முழுக்க முதுகு ஒடிந்தால் ஒன்றரை டாலர். கேட்பது 2 டாலர். சண்டை அரை டாலருக்கு. இதைப் படித்த பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் 'அடடா, என்ன சுருக்கம், என்ன வெளிச்சம்' என்று தோன்றாது. அந்தப் படப்பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் காமிராக்காரரே அல்ல, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் நடத்தியவர் என்பது தற்செயல் இல்லை.

ஆனால் அதே லாங் 1936 மார்ச்சில் நிப்போமோவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தில் கணக்கு தடுமாறியது. குறிப்பில் வயது 32, ஏழு குழந்தைகள் என்று இருக்கிறது. பெயர் இல்லை. லாங் கேட்கவே இல்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதினார். அந்தக் குடும்பம் பின்னாளில் அதை மறுத்தது. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவர் பெயர் 1978ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சல்லிக்காசு வரவில்லை என்று அவர் வருந்தினார். அரசாங்க ஊழியர் என்பதால் லாங்குக்கும் அதில் ராயல்டி கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். தாம்சன் 1983ல் இறந்தார். 1998ல் அந்தப் படத்தின் ஒரு பழைய பிரதி ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போனது. குறிப்பு எழுதினால் மட்டும் போதாது, சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? தணிக்கை இல்லாத கணக்கும் பாதிக் கணக்குதான்.

இன்றைய புயல் வேட்டை

லாங் காலத்துப் படப்பிரிவு சேர்த்த சுமார் 1,75,000 நெகட்டிவ்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. குறிப்புடன், இலவசமாக, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இருந்தும் இந்தத் தலைமுறை அதிலிருந்து எதைக் கற்றுக்கொண்டது? வெளிச்சத்தை. வானத்தை. குறிப்பை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் அதே சமவெளிக்குப் புயல் வேட்டைக்காரர்கள் கிளம்புகிறார்கள். 'சூப்பர்செல்' எனப்படும் ராட்சத இடிமேகம் சுழன்று நிற்பதைப் படமெடுப்பது இப்போது ஒரு சுற்றுலாத் தொழில். வாரத்துக்குச் சில ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு வேனில் கூட்டிப் போகிறார்கள். வேனில் ராடார் இருக்கும், தப்பிக்க வழி தயாராக இருக்கும். அதே ஜூனில்தான் கான்சாஸில் கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும். சூப்பர்செல்லிலிருந்து விழும் ஆலங்கட்டி இருபது நிமிடத்தில் ஒரு வருட உழைப்பைத் தரையோடு தரையாக அடித்துவிடும். படத்தில் முன்னால் தெரிகிறதே அந்தத் தங்க நிற வயல், அதுதான் சற்று நேரத்தில் நஷ்டக் கணக்கில் ஏறப்போகும் சரக்கு. படக்காரருக்கு அது 'முன்னணி நிறம்'. எலிக்குத் திண்டாட்டம், பூனைக்குக் கொண்டாட்டம்.

படத்துக்கு என்ன தலைப்பு வைப்பார்கள்? 'சீற்றம்', 'அமைதிக்கு முன்', 'தெய்வத்தின் தூரிகை'. ஊர் பெயர் இருக்காது. வயல் யாருடையது என்று இருக்காது. மறுநாள் என்ன ஆனது என்று இருக்கவே இருக்காது, ஏனென்றால் மறுநாள் வேன் அடுத்த மேகத்தைத் தேடி முன்னூறு மைல் போயிருக்கும்.

படக்காரன் என்ன கணக்குப்பிள்ளையா?

இப்படி ஒரு எதிர்க்கேள்வி வரும். அழகு அழகுதான், அதற்கு எதற்கு வவுச்சர் என்பார்கள். சரி, நிலவைப் படமெடுங்கள், கடல் அலையை எடுங்கள், யாரும் வவுச்சர் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு குடும்பம் விட்டுப்போன வீட்டையும், ஒருவரின் முகச்சுருக்கத்தையும், ஒருவரின் வயல் மேல் இறங்கும் ஆலங்கட்டியையும் எடுக்கும்போது எடுக்கிறவர் இன்னொருவரின் நஷ்டத்தை மூலப்பொருளாக வாங்குகிறார். மூலப்பொருளை யாரிடம் வாங்கினோம் என்று எழுதாத வியாபாரி யார்? அவருக்கு என்ன பெயர் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வாதம்: அழகான படம்தான் அனுதாபத்தைக் கிளப்பும், அதனால்தான் உதவி வரும் என்பார்கள். நிப்போமோ படம் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு உணவு போனது உண்மை. ஆனால் உணவு போய்ச் சேரும்போது தாம்சன் குடும்பம் அங்கே இல்லை, வேலை தேடி நகர்ந்துவிட்டது. அதுவும் செய்தியோடும் ஊர் பெயரோடும் வந்த படம் என்பதால்தான் உணவு எங்கே அனுப்ப வேண்டும் என்றாவது தெரிந்தது. 'சீற்றம்' என்று மட்டும் தலைப்பு போட்ட படத்துக்கு உதவி எந்த விலாசத்துக்குப் போகும்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஊர், தேதி. வயலோ வீடோ யாருடையது, எடுப்பதற்கு அவரிடம் கேட்டாயிற்றா. முகம் என்றால், அவர் சம்மதித்தால் அவர் சொல்கிறபடி பெயர். அந்த மரம் ஏன் நிறம் போனது, அந்தக் கூரை ஏன் சரிந்தது என்று ஒரு வரி. புயல் என்றால் மறுநாள் திரும்பிப் போய் ஒரு படம், அது எவ்வளவு சாதாரண வெளிச்சமாக இருந்தாலும். உள்ளே வரச் சொன்னால் உள்ளே போவது, இருட்டாக இருந்தால் ஃப்ளாஷ் போடுவது. படம் விற்றால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு.

இதில் எதுவும் படத்தின் அழகைக் கெடுக்காது. போட்டிகள் நடத்துகிறவர்களும் பத்திரிகைகளும் குறிப்பில்லாத கிராமப் படத்தை வாங்க மாட்டோம் என்று ஒரு வருடம் சொல்லிப் பார்க்கட்டும். பார்க்கிற நாமும் "ஆகா!" சொல்லிவிட்டு நிறுத்தாமல், "இந்தக் கொட்டகை யாருடையது, அவர் இப்போது எங்கே?" என்று படத்துக்குக் கீழே ஒரு கேள்வி எழுதிவிட்டுப் போகலாம். எடுத்தவருக்குப் பதில் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால், அடுத்த முறை காமிராவைத் தூக்கும் முன் கதவைத் தட்டிக் கேட்டுக்கொள்ளட்டும்.